சாகக் கிடப்பவருக்கு ஒரு கோயில் என்ன செய்ய முடியும்? பெகு தம்பிக்கு ஒரு பதில்

பர்மாவில் பெகு என்ற ஊரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவர்கள் ஊர் மாரியம்மன் கோயில் இளைஞர்கள் சேர்ந்து, கைவிடப்பட்ட முதியவர்களுக்கும் சாகும் நிலையில் இருக்கிற ஏழைகளுக்கும் ஏதாவது செய்வது என்று முடிவு பண்ணியிருக்கிறார்களாம். கல்கத்தாவில் அன்னை தெரசா நடத்தியது மாதிரி ஒரு இல்லம் தொடங்கலாமா, இல்லை மாதாமாதம் போடுகிற அன்னதானத்தையே பெரிதாக்கலாமா, பர்மாவில் இதையெல்லாம் ஏற்கெனவே யார் செய்கிறார்கள், வேன் வாங்கினால் அதில் கோயில் பெயரை எழுதலாமா என்று கேள்விகள். நான் யாங்கோனில், அதாவது பழைய ரங்கூனில், ரொம்ப காலம் வார்டு நர்ஸாக இருந்தவள், ஓய்வு பெற்ற பிறகு ஒரு சிறு சேவைக் குழுவோடு வீடு வீடாகப் போகிறவள். அந்த அளவில் தெரிந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். இல்லம் வேண்டாம். அன்னதானத்தையும் பெரிதாக்க வேண்டாம். இந்த நாட்டில் சோறு போட ஆள் இருக்கிறது. புண்ணைக் கழுவ ஆள் இல்லை, வலிக்கு மருந்து கிடைப்பதில்லை, உயிர் போன பிறகு தூக்கிப் போக வண்டி கிடைப்பது பெரும்பாடு. உங்கள் பணமும் பையன்களும் அந்தப் பக்கம் போகட்டும்.

சோறு போட ஆள் இருக்கிறது என்பதைச் சும்மா சொல்லவில்லை. எந்த நாட்டு மக்கள் அதிகம் கொடுக்கிறார்கள் என்று கணக்கெடுத்து உலக தான அட்டவணை என்று ஒன்று வெளியிடுவார்கள். 2014-ல் அமெரிக்காவோடு முதலிடத்தைப் பங்கு போட்டுக்கொண்ட மியான்மர், அதாவது நம் பர்மா, 2015, 2016, 2017 மூன்று வருடமும் தனியாகவே முதலில் நின்றது. இவ்வளவு ஏழை நாடு! இங்கே பிறந்தவர்களுக்கு அதில் ஆச்சரியம் இருக்காது. பிறந்தநாள் என்றால் மடத்துக்குச் சோறு, செத்தவருக்கு ஏழாம் நாள் என்றால் தெருவுக்கே மொஹிங்கா, அதாவது மீன் குழம்பு நூடுல்ஸ். நம் பக்கமும் குறைச்சல் இல்லை, 1867-ல் வடலூரில் வள்ளலார் தர்மசாலை அடுப்பை மூட்டிய நாட்டிலிருந்து வந்தவர்கள்தானே, ஆடிக் கூழ், பங்குனி உத்திரச் சாப்பாடு, தீமிதி முடிந்து பந்தி என்று எந்தக் கோயிலிலும் அடுப்பு அணைவதில்லை. சரி, ஆனால் முதுகுக்குக் கீழே புண் பிடித்து எழுந்திருக்க முடியாமல் கிடக்கிற ஆயா எப்படிப் பந்திக்கு வருவார்? பொட்டலம் கட்டிக்கொண்டு போய்க் கொடுத்தாலும் யார் ஊட்டுவது, விழுங்க முடிகிறதா என்று யார் பார்ப்பது? பொட்டலத்தை வாசலில் வைத்துவிட்டு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பி வருகிற சேவையை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

ஏற்கெனவே யார் செய்கிறார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். பர்மாவில் இதற்கு நூறு வருடத்துக்கு மேற்பட்ட கதை இருக்கிறது, அதுவும் ஒரே மதத்தின் கதை இல்லை. பிரான்ஸில் 1839-ல் ழான் ஜுகன் என்ற பெண்மணி, கண் தெரியாத, கை கால் விளங்காத ஒரு ஏழைக் கிழவியை வீட்டுக்குக் கொண்டுவந்து தன் கட்டிலைக் கொடுத்துவிட்டுத் தான் பரணில் போய்ப் படுத்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை. அந்தச் சபை 19-ம் நூற்றாண்டு முடியும்போது ரங்கூனுக்கு வந்து முதியோர் இல்லம் திறந்தது. நிலையான வருமானம் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அவர்கள் விதி, ஆகவே கன்னியாஸ்திரிகளே கடைத்தெருவில் இறங்கி அரிசி, பருப்பு, காய் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். மாண்டலேயில் 1890-களில் வெஹிங்கர் என்ற ஆஸ்திரியப் பாதிரியார் தொழுநோயாளிகளுக்கு இல்லம் கட்டினார். பௌத்தர்களில் டோ ஊ ஸுன் என்ற அம்மையார் 1915-ல் மிங்குனில் ஆதரவற்ற முதியவர்களுக்கு இடம் கொடுத்து, பிறகு வேறு ஊர்களிலும் தொடங்கி, 1933-ல் ரங்கூனில் ஹ்னின்ஸிகோன் முதியோர் இல்லத்தை நிறுவினார். அது இன்றும் நடக்கிறது, பர்மியர்கள் பிறந்தநாளுக்குச் சாப்பாடு போட வரிசையில் நிற்கும் இடங்களில் அதுவும் ஒன்று. ராமகிருஷ்ண மிஷன் சேவாசிரமம் 1921-லிருந்து ரங்கூனில் பெரிய இலவச ஆஸ்பத்திரி நடத்தியது, துறைமுகத்திலும் அரிசி ஆலையிலும் மூட்டை தூக்கிய நம் ஆட்கள் காய்ச்சலோடு போய்ப் படுத்த இடம் அது. 1937-ல் தொடங்கிய முஸ்லிம் இலவச ஆஸ்பத்திரி மகாபந்துலா சாலையில் இன்றும் இருக்கிறது, போய்ப் பாருங்கள், நெற்றியில் விபூதியோடும் கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்தோடும் சனங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள்.

அப்புறம் 1960-கள் வந்தன. மிஷன் பள்ளிகள், ஆஸ்பத்திரிகள் அரசுடைமை ஆயின, ராமகிருஷ்ணா ஆஸ்பத்திரியும் போனது. கடை கண்ணிகளும் அரசிடம் போக, நம்மவர்கள் லட்சக்கணக்கில் கப்பல் ஏறினார்கள். ஏறாமல் நின்றவர்களில் பெரும்பாலோர் போக வழியில்லாதவர்கள், ஊரில் யாரும் இல்லாதவர்கள், பர்மியக் குடும்பத்தில் கலந்துவிட்டவர்கள், வயலை விட்டு வர மனமில்லாதவர்கள். 1982 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு, பழைய வெளிநாட்டவர் பதிவு அட்டையை மட்டும் டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டு கிழடானவர்கள் எத்தனையோ பேர். இன்று நம் தமிழர்களில் தனியாகச் சாகிறவர் யார் என்று கேட்டால், பெரும்பாலும் இவர்கள்தான். பிள்ளைகள் மலேசியாவிலோ தாய்லாந்திலோ வேலை பார்ப்பார்கள், பணம் வந்தாலும் வரும், ஆள் வர முடியாது. இதைச் சொல்வதற்குக் காரணம், உங்கள் முதல் வேலை கட்டிடம் தேடுவது இல்லை, ஊரில் இப்படி யார் யார் இருக்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய் ஒரு நோட்டில் எழுதுவது.

இனி வேன் விஷயம். பர்மாவில் சேவை என்றாலே இன்று எல்லோர் நினைவுக்கும் வருவது இலவச ஈமச்சேவைதான். மாண்டலேயில் பிரம்மசோ சங்கம் 1990-களின் கடைசியிலேயே தொடங்கிவிட்டது. யாங்கோனில் 2001-ல் சினிமா டைரக்டர் ஊ துகாவும் நடிகர் ஜோ தூவும் இலவச ஈமச்சேவைச் சங்கத்தைத் தொடங்கினார்கள். ஊ துகா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, பக்கத்தில் இருந்த ஒரு கிழவியை, சாவுச் செலவுக்குப் பணமில்லை என்று சொந்தக்காரர்களே விட்டுவிட்டுப் போய்விட்டார்களாம். அதுதான் தொடக்கம் என்று சொல்வார்கள். நான் வார்டில் இருந்த காலத்தில் இதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். பாசம் இல்லாமல் ஓடுகிறவர்கள் இல்லை அவர்கள். ராத்திரி முழுக்கக் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மகன், மூச்சு நின்றதும் மாடிப்படி இறங்கிப் போவான், திரும்பி வரமாட்டான். வண்டிக்கூலி, பெட்டி, எரிப்புக் கட்டணம் என்று கணக்குப் போட்டால் அவனுடைய பல மாதக் கூலி. ஏற்கெனவே மருந்துக்கு வட்டிக்கு வாங்கியிருப்பான்.

ஜோ தூ பர்மிய சினிமாவின் அகாதமி விருது வாங்கிய கதாநாயகன். அப்படிப்பட்டவர் பிணப்பெட்டியைத் தோளில் தூக்கியது இந்த ஊரில் சாதாரண விஷயம் இல்லை. சாவு வேலை செய்கிறவரை ஒதுக்கி வைக்கும் வழக்கம் பர்மியரிடமும் உண்டு, சாவு வண்டி வாசலில் நின்றால் அபசகுனம் என்பார்கள். 2007-ல் ராணுவ ஆட்சியை எதிர்த்துப் பிக்குகள் ஊர்வலம் போனபோது அவர்களுக்குத் தானம் கொடுத்ததற்காக ஜோ தூவைச் சில நாள் காவலில் வைத்தார்கள், அதன்பின் சினிமாவில் நடிக்கவும் தடை. சங்கம் நிற்கவில்லை. ஊ துகா 2005-ல் காலமானார், அவர் பெயரிலேயே இலவசக் கிளினிக்கும் வந்தது. 2008 மே மாதம் நர்கிஸ் புயலில் ஐராவதி டெல்டா அழிந்தபோது முதலில் ஓடியவர்களில் அவர்களும் உண்டு. இதுவரை லட்சத்துக்கும் மேற்பட்ட சடலங்களை எடுத்திருக்கிறார்கள், பௌத்தர், இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று பார்க்காமல், ஒரு காசு வாங்காமல். அதைப் பார்த்து ஊர் ஊராகச் சின்னச் சின்னக் குழுக்கள் கிளம்பின. 2021 ஜூலையில் கொரோனா மூன்றாம் அலையில் ஆக்ஸிஜன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு சனம் தெருவில் ஓடியபோதும், யேவே சுடுகாட்டில் வண்டிகள் வரிசை கட்டி நின்றபோதும், பெரும்பாலும் இந்தப் பையன்கள்தான் வீட்டுக்குள் போய் உடலை எடுத்தார்கள். அதில் சிலர் தாங்களும் போய்ச் சேர்ந்தார்கள்.

ஆகவே வேன் வாங்குவதற்கு முன் உங்கள் ஊரில் இப்படி ஒரு குழு இருக்கிறதா என்று பாருங்கள். பெகு அளவுள்ள ஊரில் இல்லாமல் இருக்காது. இருந்தால் அவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள். போட்டிக்கு இரண்டாவது வேன் வாங்கி, டீசலுக்குப் பணம் இல்லாமல் கோயில் மண்டபத்தில் தூசி பிடிக்க நிறுத்திவைப்பதைவிட, அவர்கள் வேனுக்கு டயர் வாங்கிக் கொடுப்பது மேல்.

நம் கோயில் ஆட்கள் இதில் இறங்கும்போது ஒரு தடை வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். தீட்டு. உடலைத் தொட்டவன் கோயிலுக்குள் வரலாமா என்று பெரியவர்கள் கேட்பார்கள். குளித்துவிட்டு வரலாம் என்று நான் நினைக்கிறேன், பெரும்பாலான பெரியவர்களும் கொஞ்சம் பேசினால் ஒத்துக்கொள்வார்கள். ஆதரவற்ற பிணத்தை எடுத்துக் கொள்ளி வைப்பது அசுவமேத யாகத்துக்குச் சமம் என்று நம் சாஸ்திரக்காரர்களே சொல்லி வந்திருக்கிறார்கள், அதை எடுத்துச் சொல்லுங்கள். ஆனால் காப்புக் கட்டு விஷயத்தில் வாதாடாதீர்கள். தீமிதிக்குக் காப்புக் கட்டியவர் சாவு வீட்டுக்குப் போகமாட்டார், அவர் விரதம் அது, மதிக்க வேண்டியது. நடைமுறையில் என்ன ஆகும் என்றால், திருவிழா நாட்களில் உங்கள் குழுவே மொத்தமாகக் கையில் மஞ்சள் கயிற்றோடு நிற்கும், அன்றைக்குப் பார்த்துத்தான் போன் வரும். எங்கள் குழுவில் இப்படி ஆனபோது பக்கத்துச் சர்ச் தமிழ்ப் பையன்கள் நாலு பேர் வந்து தூக்கினார்கள், ஈஸ்டர் வாரத்தில் நம் ஆட்கள் பதிலுக்குப் போனார்கள். சூலியா பள்ளிவாசல் பக்கத்து பாய் ஒருவர் டிரைவராக வருவார். முதல் நாளிலிருந்தே கலந்து சேருங்கள்.

இப்போது தெரசா இல்லம் மாதிரி என்ற கேள்வி. 1952-ல் காளிகாட்டில், காளி கோயிலை ஒட்டிய யாத்ரீகர் சத்திரத்தில்தான் நிர்மல் ஹிருதய் தொடங்கியது. தெருவில் கிடந்தவரைத் தூக்கிவந்து, கழுவி, துணி மாற்றி, மனிதராகச் சாக விட்டார்கள். அதைச் சின்னதாகச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் 1994-ல் லான்செட் மருத்துவ இதழின் ஆசிரியர் ராபின் ஃபாக்ஸ் அங்கே போய்ப் பார்த்துவிட்டு எழுதியது, நர்ஸ் என்ற முறையில் எனக்கு முக்கியம். அன்பும் சுத்தமும் இருந்தன, வலுவான வலி மருந்து இல்லை, குணப்படுத்தக் கூடியவர் யார், முடியாதவர் யார் என்று பிரித்துப் பார்க்கும் முறை இல்லை என்றார் அவர். பக்தர்களுக்குக் கோபம் வந்தது. எனக்கு வரவில்லை. அதே குறை நம் நாட்டிலும் இருக்கிறது. தன்லினில், அதாவது நம்மவர்கள் சிரியம் என்று சொல்கிற ஊரில், தபர்வா தியான மையம் இருக்கிறது. வியாபாரியாக இருந்து துறவியான ஊ ஒத்தமசார என்ற சயாடோ, அதாவது மூத்த பிக்கு, தொடங்கியது. யாரையும் திருப்பி அனுப்புவதில்லை, வயசானவர், மனநோயாளி, ஆஸ்பத்திரி கைவிட்டவர், வீடில்லாதவர் என்று ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், நடக்க முடிந்தவர் படுத்திருப்பவரைப் பார்த்துக்கொள்கிறார். பெரிய மனசு, சந்தேகமே இல்லை. ஆனால் அத்தனை பேருக்குப் பயிற்சி பெற்ற நர்ஸ் எத்தனை பேர் வேண்டும், எத்தனை பேர் இருக்க முடியும் என்று யோசித்துப் பாருங்கள். சயாடோவுக்கே அந்தப் பாடு என்றால், ஒரு கோயில் இளைஞர் மன்றம் இல்லம் திறந்தால் ஆறு மாதத்தில் முப்பது பேரைக் கொண்டுவந்து வாசலில் விட்டுவிட்டுப் போவார்கள், நீங்கள் திண்டாடுவீர்கள். திறந்ததை மூடுவது இன்னும் பாவம்.

நம்பிக்கையும் மருத்துவமும் சேர்ந்து வந்த வழி வேறு ஒன்று உண்டு. லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் 1967-ல் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் திறந்தார், ஹாஸ்பிஸ் என்றால் சாகும் நிலையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்ளும் இல்லம். முதலில் நர்ஸ், பிறகு சமூக சேவகி, அப்புறம் டாக்டர், ஆழ்ந்த கிறிஸ்தவ பக்தை. அவர் செய்த பெரிய காரியம், வலி வந்த பிறகு கெஞ்சிக் கேட்டு ஊசி போடும் முறையை மாற்றி, வலி வருவதற்கு முன்பே மணிக்கணக்கு வைத்து மருந்து கொடுத்தது. யாங்கோனில் 1998 முதல் இயங்கும் ஊ லா துன் ஹாஸ்பிஸ் புற்றுநோயாளிகளுக்கானது, மகளைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த ஒருவர் தொடங்கியது, ஏழைகளுக்கு இலவசம். மாண்டலேயிலும் உண்டு. உங்கள் நோட்டில் எழுதிய பெயர்களில் புற்றுநோய் முற்றியவர் இருந்தால், வீட்டில் பார்க்க முடியாத நிலை என்றால், முதலில் இங்கே விசாரியுங்கள்.

வலி மருந்தைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது, என் வயிற்றெரிச்சல் அது. ஐ.நா. கணக்குப்படி 2023-ல் ஆப்கானிஸ்தானைத் தாண்டி உலகத்திலேயே அதிக அபின் விளைந்த நாடு மியான்மர், ஆயிரத்து எண்பது டன். அபினிலிருந்து வருவதுதான் மார்ஃபின். அந்த மார்ஃபின் மாத்திரை இங்கே சாகக் கிடக்கிற ஏழைக்குக் கிடைப்பது குதிரைக் கொம்பு. ஷான் மலையில் வயல் வயலாக விளைகிறது, எலும்பில் புற்று பரவியவர் பாராசிட்டமாலை வாயில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துக் கிடக்கிறார். சட்டம், பயம், பழக்கம் எல்லாம் சேர்ந்த தடை இது. டாக்டர்களிலேயே பலர் அடிமையாகிவிடுவார் என்று தயங்குவார்கள், ஒரு மாதத்தில் போகப் போகிறவர் எதற்கு அடிமையாகப் போகிறார்? இதில் நீங்கள் செய்யக் கூடியது ஒன்று உண்டு. மார்ஃபின் எழுதத் தயங்காத டாக்டர் ஒருவரைத் தேடிப் பிடித்து, அவரை உங்கள் குழுவோடு சேர்த்துக்கொள்ளுங்கள், அவர் சொல்வதை எழுத்துப் பிசகாமல் செய்யுங்கள். உங்களாக எந்த மாத்திரையும் கொடுக்கக் கூடாது, பக்கத்து வீட்டில் மிச்சமானதை வாங்கிக் கொடுப்பதும் கூடாது. மருந்து தொடங்கினால் மலச்சிக்கலுக்கும் கூடவே மருந்து வேண்டும் என்று டாக்டரிடம் நினைவுபடுத்துங்கள், அதை மறந்து, வயிறு உப்பி அவஸ்தைப்பட்டு மார்ஃபினே வேண்டாம் என்று நிறுத்தியவர்கள் உண்டு.

மருந்து தவிர்த்த வேலை நிறைய இருக்கிறது, அதற்குப் படித்த படிப்பு தேவையில்லை, ஒரு நர்ஸ் இரண்டு மூன்று முறை கூட இருந்து காட்டினால் போதும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைப்பது. துணி மடிப்பு இல்லாமல் விரிப்பது. வாயை உப்புத் தண்ணீர் தொட்ட துணியால் துடைப்பது. மூச்சு வாங்குகிறவர் முகத்துக்கு நேராகச் சின்ன மின்விசிறி வைப்பது, கரண்ட் இல்லையென்றால் பனை விசிறி. கரண்ட் இல்லாத நேரம்தானே இப்போதெல்லாம் அதிகம்.

யாங்கோனில் தக்கேத்தா பக்கம் ஒரு ஆயா, மார்பில் புற்று, வெளியே வெடித்துப் புண்ணாகிவிட்டது. நாற்றம் என்றால் அப்படி நாற்றம், ஒரே அறை வீடு. மருமகள் குறுக்கே ஒரு லுங்கியைத் திரையாகக் கட்டி, தட்டை அடியில் தள்ளுவாள். அவளைக் கெட்டவள் என்று சொல்லிவிடலாம், கூடவே இரண்டு சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த அறையில் சமைத்தும் சாப்பிட்டும் பார்த்தால்தான் தெரியும். எங்கள் டாக்டர் சொன்னபடி புண்ணை ஆறவைத்த வெந்நீரில் கழுவி, மெட்ரோநிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவி, மேலே பஞ்சும் துணியும் வைத்துக் கட்டினோம். வயிற்றுப்போக்குக்குப் போடுகிற சாதாரண மாத்திரைதான், எந்த மருந்துக்கடையிலும் இருக்கும். தினமும் செய்தோம். நாற்றத்தைக் கிளப்பும் கிருமியை அது அடக்கும், புற்றை ஒன்றும் செய்யாது. அடுத்த வாரம் போனபோது லுங்கித் திரை சுருட்டிக் கட்டியிருந்தது, பேத்தி கட்டிலில் ஏறி உட்கார்ந்து ஆயா கன்னத்தில் தனாக்கா பூசிக்கொண்டிருந்தாள். ஆயா எங்களைப் பார்த்து, "காப்பி சாப்பிட்டீங்களா" என்று கேட்டார். அதற்கு முன் அவர் எங்களிடம் வலியைப் பற்றித் தவிர எதுவும் பேசியதில்லை.

கடைசி நேரம் பற்றி ஒன்று. நம் வீடுகளில் உயிர் பிரியும் நேரத்தில் ஆளாளுக்கு ஒரு கரண்டி பால் ஊற்றுவார்கள். மகன் ஊற்றினால்தான் போகும், மகள் வரட்டும் என்று காத்திருப்பார்கள். நினைவு தப்பியவருக்கு விழுங்கத் தெரியாது, ஊற்றுகிற பால் நேராக நுரையீரலுக்குப் போகும், புரையேறி மூச்சுத் திணறித்தான் போவார். சடங்கை நிறுத்தச் சொன்னால் சண்டை வரும். நான் செய்வது, ஒரு சுத்தமான பஞ்சைப் பாலில் நனைத்துப் பிழிந்து மகன் கையில் கொடுத்து, உதட்டிலும் நாக்கிலும் தொடச் சொல்வேன். துளசித் தீர்த்தமும் அப்படியே. இதுவரை யாரும் மறுத்ததில்லை. அதேபோல், சாப்பிடவில்லை என்று வாயில் திணிக்காதீர்கள், டிரிப் ஏற்றச் சொல்லி டாக்டரை நச்சரிக்காதீர்கள். உடம்பு மூடிக்கொண்டு வரும்போது பசியும் தாகமும் குறையும், அந்த நேரத்துத் தண்ணீர் நெஞ்சில் கட்டிக் கரகர என்று சத்தம்தான் வரும்.

பக்தி எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். அவர் கேட்டால் வரும். தேவாரம் படிக்கட்டுமா என்று கேளுங்கள், தலையாட்டினால் மெதுவாகப் படியுங்கள், விபூதி பூசச் சொன்னால் பூசுங்கள். கிறிஸ்தவர் என்றால் சாமியாருக்கு ஆள் அனுப்புங்கள், முஸ்லிம் என்றால் கலிமா சொல்லக் கூடியவரைக் கூப்பிடுங்கள், பௌத்தர் என்றால் மடத்துக்குப் போன் போடுங்கள். எல்லா மடத்து, பள்ளிவாசல், சர்ச் நம்பரும் உங்கள் போனில் இருக்க வேண்டும். எதுவும் வேண்டாம், பக்கத்தில் சும்மா உட்கார் என்றால் உட்காருங்கள், போனை நோண்டாமல். இது கர்மவினை, போன ஜன்மத்துப் பாவம் என்றெல்லாம் யாராவது கட்டில் பக்கத்தில் நின்று பேசினால் நயமாக வெளியே கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். வலியில் கிடக்கிறவரிடம் கணக்குச் சொல்ல நாம் யார்?

காகித வேலையையும் குறைவாக நினைக்காதீர்கள். வீட்டில் இறந்தால் சான்றிதழ் இல்லாமல் எரிக்கவோ புதைக்கவோ முடியாது. அதற்கு டாக்டர் பார்த்து எழுத வேண்டும், வார்டு அலுவலகத்துக் கடிதம் வேண்டும். இறந்தவருக்கு அடையாள அட்டையே இல்லையென்றால் அலைச்சல் இரட்டிப்பு. ஆள் உயிரோடு இருக்கும்போதே வார்டு அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லி, அவர் பெயர், அப்பா பெயர், பழைய அட்டை நம்பர் இருந்தால் அது, எல்லாவற்றையும் நோட்டில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எரிக்க வேண்டுமா, புதைக்க வேண்டுமா என்பதையும் அவரிடமே கேட்டு எழுதுங்கள். நம்மவர்களிலேயே புதைக்கிற வழக்கம் உள்ள குடும்பங்கள் உண்டு, செத்த பிறகு சொந்தக்காரர் இரண்டு பக்கமும் நின்று சண்டை போடுவதை அது தவிர்க்கும். கேட்கக் கூச்சமாக இருக்கும். ஆனால் கேட்டால் பெரும்பாலான கிழவர்கள் நிம்மதியாகத்தான் பதில் சொல்வார்கள், இத்தனை நாளாக யாரும் கேட்கவில்லையே என்று காத்திருந்தது மாதிரி.

பையன்களைப் பற்றியும் யோசியுங்கள். இருபது வயசுப் பிள்ளை முதல் முறை ஒரு உடலைத் தூக்கினால் இரண்டு நாள் சாப்பிடமாட்டான், வெளியே சொல்லவும் மாட்டான், சிலர் குடிக்க ஆரம்பிப்பார்கள். முதல் முறை போகிறவனோடு அனுபவசாலி ஒருவர் கட்டாயம் போக வேண்டும், திரும்பி வந்ததும் குளித்து ஒரு டீக்கடையில் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். கையுறை, சோப்பு, மாற்றுத்துணி இவற்றுக்குக் கோயில் கணக்கில் பணம் ஒதுக்குங்கள், பையன்கள் சொந்தக் காசில் வாங்கட்டும் என்று விடாதீர்கள். பெண்களையும் சேருங்கள். கிழவியைக் கழுவ ஆண் பிள்ளை போனால் அவர் கூச்சத்தில் சுருண்டுவிடுவார். எங்கள் குழுவில் மிகவும் கைராசிக்காரி இட்லிக்கடை போடுகிற ஒரு அக்கா, காலை வியாபாரம் முடிந்ததும் நேராக வருவார்.

வேனில் கோயில் பெயரை எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக எழுதுங்கள், சிறிதாக, தமிழிலும் பர்மிய எழுத்திலும். கொடுத்தவர்கள் பெயர்ப் பட்டியல் வேண்டாம், அதைக் கோயில் சுவரில் எழுதிக்கொள்ளலாம். பெரிதாக எழுத வேண்டியது போன் நம்பர். அந்த நம்பரை ராத்திரி இரண்டு மணிக்கு யார் எடுப்பார் என்று வாரத்துக்கு ஒரு ஆள் போட்டு அட்டவணை செய்து, அதன் பிறகு வேனைப் பற்றிப் பேசுங்கள்.